காலடிப்பேட்டையிலிருந்து ஒரு நூல்

சென்னை மெட்ரோவில் விம்கோ நகர் போகிற ரயிலில் ஏறி, நிலையப் பெயர்களை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வாருங்கள். மண்ணடி, துணி வாங்கி விற்ற வியாபாரிகளின் பக்கம். வண்ணாரப்பேட்டை, கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போகும் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம். இன்னும் சில நிலையங்கள் தாண்டினால் காலடிப்பேட்டை, நெய்தவர்களின் ஊர். ஒரு துணி உருவாகிக் கப்பலேறிய வரிசையை அறிவிப்புக் குரல் தலைகீழாகச் சொல்லிக்கொண்டே போகிறது. பெட்டியில் இருப்பவர்கள் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்குவதில்லை.

தூக்கினாலும் என்ன தெரிந்துவிடப் போகிறது? வடசென்னை என்றால் இன்றைக்குக் கன்டெய்னர் லாரி, அனல் மின் நிலையச் சாம்பல், மணலிப் புகை, காசிமேட்டு மீன். பஞ்சும் சாயமும் யார் நினைவுக்கும் வராது. ஆனால் இந்த நகரம் பிறந்ததே அதற்காகத்தான். 1639ல் கம்பெனியின் ஆளான பிரான்சிஸ் டே இந்தக் கரையைத் தேர்ந்தெடுத்தபோது இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்கும்; சரக்கு அலையைத் தாண்டி வருவதற்குள் நனைந்துவிடும். அப்படியும் இங்கேதான் என்று அவர் அடம்பிடித்ததற்குச் சொன்ன காரணம், மற்ற இடங்களைவிட நூற்றுக்கு இருபது மலிவாகத் துணி கிடைக்கிறது என்பது. சாந்தோமில் அவருக்கு ஒரு காதலி இருந்தாள், அதனால்தான் இந்தப் பக்கமே சுற்றினார் என்றொரு வம்பும் உண்டு. அதை விடுவோம்.

1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலட், திருவொற்றியூரை ஒட்டி நெசவாளர்களைக் குடியமர்த்தினார். காலட் பேட்டைதான் மக்கள் வாயில் புழங்கிக் காலடிப்பேட்டையானது. அங்குள்ள கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலுக்கும் காலட்டுக்கும் முடிச்சுப் போட்டு உள்ளூரில் ஒரு கதை சொல்வார்கள். கோட்டையில் வேலை பார்த்த ஒருவர் ஓயாமல் காஞ்சிபுரம் வரதரைச் சேவிக்கப் போய்க்கொண்டிருந்தாராம். துரை அவருடைய பக்தியைச் சோதித்துப் பார்த்து அசந்துபோய், ‘நீ இனி அவ்வளவு தூரம் அலைய வேண்டாம்’ என்று இங்கேயே வரதருக்குக் கோயில் கட்டிக் கொடுத்தாராம். ஆளைத் துணி வேலைக்கு ஊரிலேயே இருத்திக்கொள்ள இதைவிட நல்ல வழி எந்த நிர்வாகிக்கும் தோன்றியிருக்காது.

நெசவைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. தறிக்கு முன்னால் இருக்கிற நூலையும், சாயத்தையும், அவற்றுக்குத் தூரத்து உறவான கயிற்றையும் வலையையும் பற்றித்தான் இங்கே பேச்சு. ஏனென்றால் உலகம் முழுக்கக் கையால் நூற்பதும், வீட்டு அடுப்பில் நூலுக்குச் சாயம் போடுவதும் மறுபடி ஒரு ஆசையாகத் திரும்பியிருக்கின்றன. சம்பளத்துக்காக யாரும் செய்வதில்லை. விரலுக்குப் பிடித்திருக்கிறது, செய்கிறார்கள். அந்த ஆசைக்குச் சென்னையில் ஒரு ஊர் முகவரி தேடினால் அது அடையாறில் இல்லை, இந்தப் பக்கம்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

விரலுக்குள் ஏறும் முறுக்கு

கம்பெனிக் கடிதங்களில் வியாபாரியின் பெயர் வரும், துபாஷியின் பெயர் வரும், சண்டை போட்ட நெசவாளர் சாதிகளின் பெயர் வரும். நூற்ற பெண்ணின் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது. ஒரு தறிக்குத் தீனி போட ஒருத்தி நூற்றால் போதாது, பல பேர் நூற்க வேண்டும். சிந்தாதிரிப்பேட்டையை 1734ல் அமைத்தபோது இன்னின்னாருக்குத்தான் வீட்டுமனை என்று வைத்த பட்டியலில் நெய்பவர், வெளுப்பவர், சாயக்காரர், துணியில் எழுதுபவர் ஆகியோரோடு நூற்பவரையும் சேர்த்திருந்தார்கள். ஆனாலும் பெரும்பகுதி நூல் உள்நாட்டுக் கிராமங்களில், வீட்டுத் திண்ணைகளில், கணவனை இழந்தவர்களும் வயதானவர்களும் ஓய்ந்த நேரத்தில் நூற்று வாரச் சந்தைக்குக் கொண்டுவந்ததுதான்.

தக்ளியை ஐம்பது அறுபது வயதைத் தாண்டிய பலர் பள்ளிக்கூடத்தில் தொட்டிருப்பார்கள். ஒரு மெல்லிய கம்பி, கீழே ஒரு வட்டத் தகடு, நுனியில் சின்னக் கொக்கி. கைத்தொழில் வகுப்பில் அதைச் சுற்றி நூற்றதைவிட அதால் பக்கத்துப் பையனைக் குத்தியதுதான் அதிகம் என்று சொல்லிச் சிரிப்பார்கள். முறையாகச் செய்தால் அதன் கதையே வேறு. தக்ளியின் அடிமுனையைத் தேங்காய்ச் சிரட்டைக்குள் நிறுத்தி, வலது கைவிரலால் சுண்ட வேண்டும். இடது கையில் பஞ்சுப் பட்டை. சுண்டிய வேகத்தில் முறுக்கு கொக்கியிலிருந்து மேலே ஏறி வரும். அது பட்டைக்குள் நுழைவதற்கு ஒரு நொடி முன்னால் கையைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். சீக்கிரம் இழுத்தால் பஞ்சு பிரிந்து அறுந்துபோகும். தாமதித்தால் முறுக்கு பட்டைக்குள் புகுந்து கட்டியாகிவிடும். அந்த ஒரு நொடியை விரல் தானாகப் பிடித்துக்கொள்ளும்வரை எரிச்சலாக இருக்கும். பிடித்துக்கொண்டபின் நிறுத்த மனம் வராது.

குளிர்நாடுகளில் ஆசைக்கு நூற்பவர்கள் பெரும்பாலும் ஆட்டு ரோமத்தில் நூற்கிறார்கள். ரோமம் நீளம், ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. கையிலிருந்து தக்ளியைக் கீழே தொங்கவிட்டே நூற்கலாம். நம் நாட்டுப் பருத்தியின் இழை குட்டை. முறுக்கு அதிகம் வேண்டும், பாரத்தைத் தாங்காது. அதனால்தான் சிரட்டையின் துணை. ரோமத்தில் கைதேர்ந்தவர்கள்கூட பருத்திக்கு வந்தால் முதலில் திணறுவார்கள். நம் பாட்டிமார் எல்லாவற்றிலும் கடினமானதைத்தான் சர்வசாதாரணமாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

வேர், இலை, துரு

சாயத்துக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோழமண்டலக் கரையின் சிவப்புக்குப் பின்னால் இருப்பது சாயவேர். சித்த மருத்துவர்களுக்கு இம்பூறல் என்ற பெயரில் தெரிந்த சின்னஞ்சிறு செடி. மணலில் தரையோடு படர்ந்து கிடக்கும். பார்த்தால் காலால் மிதித்துவிட்டுப் போவோம். வேர்தான் சரக்கு. சிப்பி கலந்த, சுண்ணாம்புச் சத்துள்ள கடற்கரை மணலில் விளைந்த வேருக்குச் சாயக்காரர்களிடம் தனி மதிப்பு. துணியை முதலில் எருமைப்பாலும் கடுக்காயும் கலந்த நீரில் நனைத்துக் காயவைப்பார்கள். பிறகு எங்கே சிவப்பு வேண்டுமோ அங்கே மட்டும் படிகார நீரால் எழுதுவார்கள். அதன்பின் துணி முழுவதையும் சாயவேரோடு கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்தில் ஒட்டிய நிறம் வெளுக்கும்போது போய்விடும். 1742ல் கோர்து என்ற பிரெஞ்சு ஜெசுவிட் பாதிரியார் இந்த முறை முழுவதையும் கேட்டறிந்து ஐரோப்பாவுக்குக் கடிதமாக எழுதி அனுப்பினார். தொழில் ரகசியம் போய்ச் சேர்ந்த வழிகளில் அதுவும் ஒன்று.

நீலத்துக்கு அவுரி. இலையை ஊறவைத்து, அடித்து, வண்டலைக் கட்டியாக்குவது ஒரு வேலை. அந்தக் கட்டி தண்ணீரில் கரையாது என்பது அடுத்த தலைவலி. சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் போட்டு நுரைக்க விட்டால்தான் கரையும். கரைந்த தொட்டி பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும், நீலம் எங்கே என்று புதியவர்கள் கேட்பார்கள். நூல் சிட்டத்தை முக்கி வெளியே எடுத்துக் காற்றில் உதறினால் கண்ணெதிரே மஞ்சள் பச்சையாகி, பச்சை நீலமாகும். எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காத காட்சி. இன்னும் ஆழமான நீலம் வேண்டுமானால் மறுபடி முக்க வேண்டும், மறுபடி காற்று, மறுபடி முக்கல். திண்டிவனம் பக்கத்தில் இன்றும் அவுரி பயிரிடுகிறார்கள். அந்தக் கட்டி வெளிநாட்டுச் சாயப் பிரியர்களின் வீடுவரை போகிறது.

1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பியது. அது போய்ச் சேர்ந்த இடம் வாலாஜா. சாயத்துக்கும் கம்பளத்துக்கும் பேர்போன ஊர். ராயபுரம் ரயில் நிலையத்தின் பெருமை பேசுகிறவர்கள் கட்டடத்தைச் சொல்வார்கள், தூண்களைச் சொல்வார்கள். மறுமுனையில் என்ன ஊர் இருந்தது என்று சொல்ல மறந்துவிடுவார்கள்.

அந்த ரயில் ஓடத் தொடங்கிப் பதின்மூன்று வருடத்தில் ஜெர்மானிய வேதியியலாளர்கள் சாயவேரின் சிவப்பை ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள். 1897ல் செயற்கை நீலமும் சந்தைக்கு வந்தது. துணி போன கடல்வழியிலேயே சாயப்பொடி டப்பாக்கள் வந்து இறங்கின. மான்செஸ்டர் நூல் அதற்கும் முன்பே வரத் தொடங்கியிருந்தது. முதலில் வேலை போனது நெசவாளிக்கு இல்லை, நூற்ற பெண்ணுக்கு. நெசவாளிக்கு மலிவான நூல் கொஞ்ச காலம் லாபமாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கட்டம் போன ஊர்கள்

எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே பழவேற்காடு. 1613ல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்த ஊர். அங்கிருந்து போன கட்டம் போட்ட துணிக்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயர் ‘காயின் பெலெக்காட்’. இன்றைக்கும் மலேசியாவில் கைலி வாங்கும்போது பழவேற்காட்டின் பெயரைத்தான் உச்சரிக்கிறார்கள்.

இன்னொரு கட்டம் ஆப்பிரிக்காவுக்குப் போனது. நூலுக்கு முன்பே சாயம் ஏற்றி, பாவிலும் ஊடையிலும் நிறம் மாற்றி நெய்த ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்’. ஒரு துண்டு எட்டு கெஜம் நீளம், ஒரு கெஜம் அகலம். நைஜீரியாவின் கடலோரக் கலபாரி மக்களிடம் அதற்கு ‘இஞ்சிரி’ என்று பெயர். பிறப்பு, திருமணம், சாவு எதற்கும் அது வேண்டும். அதோடு அவர்கள் நிற்கவில்லை. நெய்து வந்த துணியில் குறிப்பிட்ட இழைகளைச் சின்னக் கத்தியால் அறுத்து, ஒவ்வொன்றாக உருவி எடுத்து, மிச்சமிருக்கும் இழைகளால் புதிய உருவங்களை உண்டாக்குகிறார்கள் அங்குள்ள பெண்கள். ‘பெலெட்டே பிட்டே’ என்பது அந்தக் கலையின் பெயர். நம் ஊரில் ஒருவர் சேர்த்த நூலைக் கடல் தாண்டி ஒருத்தி கழித்துக் கழித்து அழகாக்கியிருக்கிறாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

கரீபியன் தீவுகளில் தலைக்கட்டுத் துணிக்கே மத்ராஸ் என்று பெயர். செயின்ட் லூசியா, டொமினிகா பெண்களின் தேசிய உடையில் அது உண்டு. சென்னையில் கவர்னராக இருந்து ஊர் திரும்பிய எலிஹு யேல் 1718ல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு அனுப்பிய துணி மூட்டைகள் 562 பவுனுக்கு விலைபோயின, கல்லூரிக்கு அவர் பெயர் வைத்தார்கள். 1958ல் நியூயார்க்குக்குப் போன மெட்ராஸ் கட்டம் துவைத்ததும் சாயம் விட்டுவிட, வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். விற்றவர்கள் அசரவில்லை. ‘நிச்சயம் சாயம் போகும்’ என்பதையே விளம்பரமாக்கி, துவைக்கத் துவைக்க நிறம் ஒன்றுக்குள் ஒன்று கரைவதுதான் அழகு என்று சொல்லி விற்றுத் தள்ளினார்கள். நம் ஊர்க் கடைக்காரருக்கு இந்தச் சாமர்த்தியம் வராது, நாமும் விடமாட்டோம்.

ஆணி இல்லாத படகு

இந்த மூட்டைகளையெல்லாம் கப்பலில் ஏற்றியது யார்? மசூலா படகுக்காரர்கள். அவர்களில் பலர் வாழ்ந்தது ராயபுரத்தில். புனித ராயப்பர் தேவாலயம் படகுக்காரர்கள் தங்கள் கைக்காசில் எழுப்பியது. மசூலா படகில் ஒரு ஆணி கிடையாது. பலகைகளின் ஓரத்தில் துளையிட்டு, தென்னை நார்க் கயிற்றால் ஒன்றோடொன்று தைத்திருப்பார்கள். பெரிய அலை தூக்கிக் கரையில் போட்டால் ஆணியடித்த ஐரோப்பியப் படகு பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுத்து நிமிரும். உலகத்துக்குத் துணி அனுப்பிய ஊரின் படகும் கயிற்றுத் தையலில்தான் நின்றது. 1861ல் கடலுக்குள் இரும்புப் பாலம் போட்டார்கள், பிறகு துறைமுகம் கட்டினார்கள், தையல் படகுக்கு வேலை குறைந்தது.

வலையின் கதையும் இதே சாயலில்தான் போகிறது. நைலான் வருவதற்கு முன்னால் வலை பருத்தியிலும் சணப்பு நாரிலும் ஆனது. நூலை முறுக்குவது, வலை பின்னுவது இரண்டிலும் மீனவக் குடும்பத்துப் பெண்களின் கை இருந்தது. உப்புத் தண்ணீரில் பருத்தி வலை சீக்கிரம் அழுகும். அதைத் தடுக்கப் பனிச்சைக்காய்ச் சாற்றிலோ மரப்பட்டைக் கஷாயத்திலோ வலையைத் தோய்த்துக் காயவைப்பார்கள், வலை கறுஞ்சிவப்பாகிவிடும். சாயக்காரர் துணிக்குக் கடுக்காய் போட்டதும் மீனவர் வலைக்குப் பனிச்சைக்காய் போட்டதும் ஒரே வேதியியல். இரண்டிலும் துவர்ப்புதான் வேலை செய்கிறது. இந்த உறவை யாரும் அதிகம் பேசியதில்லை, அதனால் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

1960களில் நைலான் பரவியது, இயந்திரம் பின்னிய வலை வந்தது. பெண்களின் கையிலிருந்து அந்த வேலை போயிற்று. கன்னியாகுமரிக் கரையில் இது எப்படி நடந்தது என்பதை முக்குவர் பெண்களைப் பற்றிய 1991ஆம் ஆண்டு நூலில் கல்பனா ராம் எழுதியிருக்கிறார். இங்கேயும் போக்கு வேறாக இல்லை. மிச்சமிருப்பது கிழிசல் கட்டும் வேலை, அதை ஆண்கள் செய்கிறார்கள். காசிமேட்டில் மீன் ஏலம் ஓய்ந்த பிறகு போனால் பார்க்கலாம். வலை மலையாகக் குவிந்திருக்கும். நடுவில் உட்கார்ந்து, கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, நூல் ஏற்றிய தட்டை ஊசியால் ஒவ்வொரு கண்ணாகக் கட்டிக்கொண்டு வருவார்கள். கிழிந்த இடத்தை முதலில் இன்னும் கொஞ்சம் வெட்டி ஒழுங்காக்கிக்கொள்வதுதான் வேலையின் முதல் பாடம். கண்ணின் அளவைப் பெரும்பாலும் விரலே சொல்லிவிடும். பேச்சு ஒரு பக்கம் ஓடும், முடிச்சு ஒரு பக்கம் விழும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது அந்த வலைகளும் படகுகளும் கறுத்தன. அது எந்தக் கஷாயத்துக்கும் போகாத சாயம். சாயத்தைக் கொண்டாடி எழுதும்போது இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: திருப்பூரில் நொய்யலைக் கெடுத்த எழுநூற்றுக்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளை 2011 ஜனவரியில் மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். படிகாரமும் இரும்பும் கலந்த வீட்டுச் சாயத் தண்ணீரும் சாக்கடைக்குத்தான் போகிறது. அளவு சிறியது என்பதுதான் ஆசைக்குச் செய்பவர்களுக்கு இருக்கும் ஒரே சமாதானம்.

ஆசையும் கூலியும்

கையால் நூற்பதை நாடு முழுக்கக் கொண்டுபோன காந்தியே அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. 1929ல் அகில இந்திய நூற்போர் சங்கம் நல்ல ராட்டை கண்டுபிடிப்பவருக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசு அறிவித்தது. பல வருடங்கள் கழித்துத் திருநெல்வேலிச் சீமைக்காரரான ஏகாம்பரநாதன், மில் இயந்திரத்தின் தத்துவத்தைக் கைராட்டைக்குள் அடக்கி ஒன்றைச் செய்தார். அவர் பெயரால்தான் அது அம்பர் சர்க்கா. 1935ல் நூற்பவர்களுக்கு வயிறு நிறைகிற கூலி வேண்டும் என்று காந்தி பிடிவாதம் பிடிக்க, கதரின் விலை ஏறியது, உடுத்தியவர்களே முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பு இன்னும் ஓயவில்லை. கைநூற்பு, இயற்கைச் சாயம், மானாவாரிப் பருத்தி மூன்றையும் சேர்த்துச் சென்னையில் ‘துலா’ போன்ற முயற்சிகள் துணி கொண்டுவருகின்றன. விலையைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள், ஒரு சிட்டத்தைத் தாங்களே நூற்றுப் பார்த்துவிட்டு வந்து பேசலாம்.

ஆசைக்குச் செய்பவர்களின் கூட்டமும் சென்னையில் சின்னதாக இல்லை. ‘மதர் இந்தியாஸ் க்ரோஷே குயின்ஸ்’ என்ற பெண்கள் குழு 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் பரப்புக்கு ஒரே க்ரோஷா போர்வையை விரித்து கின்னஸில் இடம்பிடித்தது. கிட்டத்தட்ட இரண்டே முக்கால் ஏக்கர். ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில், சமையலுக்கும் சீரியலுக்கும் நடுவில் போட்டுச் சேர்த்த சதுரங்கள். பிறகு அதைப் பிரித்துப் போர்வை இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். மே மாதச் சென்னையில் கம்பளி நூலை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவதைக் கிண்டல் செய்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லலாம்.

இப்படி ஆசைக்குச் செய்பவர்கள் வடசென்னைக்கு வந்து பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். கோடவுன் தெருவில் துணி பார்க்கலாம், காலடிப்பேட்டைக் கோயிலைப் பார்க்கலாம், திருவொற்றியூரில் கடற்கரையோரமாகப் பட்டினத்தார் சமாதிக்கும் போகலாம். ‘காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே’ என்ற வரியால், ஒரு ஊசியால், துறவியான வியாபாரி நெசவுக்கார ஊரில் அடங்கியிருப்பது பொருத்தம்தான். காசிமேட்டில் கிழிசல் கட்டும் அண்ணன்களிடம் மரியாதையாகக் கேட்டால் அந்த முடிச்சைச் சொல்லிக் கொடுப்பார்கள். க்ரோஷா ஊசி பிடித்த கைக்கு அது சீக்கிரம் வந்துவிடும்.

சாயத்தில் கை வைக்க ஆசைப்பட்டால் கறுப்பில் தொடங்குங்கள், செலவே இல்லை. துருப்பிடித்த ஆணியும் இரும்புத் துண்டும் வேண்டும். இந்தப் பக்கத்தில் அதற்குப் பஞ்சமா? மண்பானையில் தண்ணீர் ஊற்றி வெல்லத்தைக் கரைத்து இரும்பைப் போட்டு மூடி வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் நாற்றம் வரும், வரட்டும். கலம்காரிக்காரர்கள் கறுப்புக்கு வைப்பதும் இந்தத் தண்ணீரைத்தான். நூல் சிட்டத்தைக் கடுக்காய்த் தூள் கரைத்த நீரில் ஊறவைத்து நிழலில் காயப்போட்டால் இளமஞ்சளாக இருக்கும். வடிகட்டிய இரும்புத் தண்ணீரில் அதை முக்கியவுடன் சாம்பலாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுப்பாகும். கறுப்பு போதவில்லை என்று இரும்பை மேலும் மேலும் ஏற்றாதீர்கள், நூல் இற்றுப்போகும். கடுக்காய் தொட்ட கையில் இரும்புத் தண்ணீர் பட்டால் விரலும் சேர்ந்து கறுக்கும். சோப்புக்குப் போகாது, எலுமிச்சைச் சாறு தேய்த்தால் கொஞ்சம் கேட்கும்.